படிப்பகத்தின் சாவி யாரிடம்?

“வெளியே வராதே!”

ஒரே கட்டளை, நாடு முழுவதும் ஒலித்தது. 2020 மார்ச்சு 22-இல் ஒத்திகை, 25-இல் அரங்கேற்றம். அரங்கேறிய அதே நாள் வைகறையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஓர் உயிர் பிரிந்தது. கொரோனா என்னும் கொள்ளைநோய்க்குத் தமிழகம் கொடுத்த முதல் உயிர் அது. நள்ளிரவிலும் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் தூங்காநகர், கதவைச் சாத்தித் தாளிட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்தது.

கட்டளை தவறென்று நான் சொல்ல வரவில்லை, தோழனே. மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய்க்கு விலகியிருப்பதே மருந்து. ஆனால் அந்தக் கட்டளை பாதி வாக்கியம். “வெளியே வராதே, உனக்கு வேண்டியது உன் வாசலுக்கு வரும்” என்பதன்றோ முழு வாக்கியம்! யார் கொண்டுவருவது? எங்கிருந்து கொண்டுவருவது? எந்த வீட்டில் எத்தனை வாய், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த வீட்டில் பால்குடி மறவாத பிள்ளை – இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தில்லிக்குத் தெரியாது. கோட்டைக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கென்று ஒரு பொதுவீடு இருந்ததா, இருந்த வீடு திறந்திருந்ததா என்று கேட்கவே இந்த ஞாயிறு உன்னிடம் வந்திருக்கிறேன்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வி எதற்கு என்பாய். நோய் மறந்த பிறகுதான் நோயைப் பற்றிப் பேச வேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு தோண்டுவது பற்றிக் கருத்தரங்கம் நடத்த முடியாது.

கதவுக்குப் பின்னே இருந்தவர் யார் என்று முதலில் பார். மாதம் பிறந்ததும் வங்கிக்குச் சம்பளம் வரும் வீடுகளை விட்டுவிடு. அங்கும் அச்சம் இருந்தது, அடுப்பு அணையவில்லை. கீழமாசி வீதியில் மூட்டை தூக்கித் தோள் காய்த்தவன். செல்லூரில் தறியை நம்பியவன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சிட்டு முடிச்சிட்டு விரல் தேய்ந்த பெண். ஆட்டோவுக்குத் தவணை கட்டுகிறவன். வீட்டுவேலைக்குச் செல்லும் தாய். நகரை விட்டு வெளியே போனால், திருமங்கலம் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் மல்லிகை பயிரிட்டவன். பூச்சந்தை சாத்தப்பட்டது, திருமணம் இல்லை, திருவிழா இல்லை. பறித்தால் கூலி நட்டம், பறிக்காவிட்டால் செடி நட்டம் என்று வரப்பிலே உட்கார்ந்துவிட்டான் அவன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். அந்தக் குறியீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரன் பருப்பு தருவானா?

என் தொழில் நாடகம். ஆகவே நாடகக் கலைஞரைப் பற்றி இரண்டு சொல் கூடுதலாகச் சொன்னால் பொறுத்துக்கொள். மாசியிலே தொடங்கும் எங்கள் பருவம். பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, வைகாசித் திருநாள் என்று ஊர் ஊராக வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் நடக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் – இவர்கள் ஆண்டு முழுதும் உண்பது அந்த நாலைந்து மாதம் விழித்த இரவுகளை. ஊரடங்கு வந்து விழுந்ததோ பங்குனியில்! அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டும் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தெய்வம் திரையிலே தோன்றிவிடலாம்; மேடை ஏறாத ராஜபார்ட்டுக்கு யார் கூலி கொடுப்பார்? அரிச்சந்திரனாக நின்று ஆயிரம் பேரை அழவைத்தவன், வீட்டுக்காரருக்கு வாடகை சொல்லும்போது வசனம் மறந்து நின்றான். கையேந்த அவனுக்குத் தெரியாது. மன்னனாக நடித்துப் பழகியவன் கேட்க மாட்டான். கேளாமலே தெரிந்துகொள்ள ஒருவன் அந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

அரசு ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. 2021-இல் ஆட்சி மாறியபின் இரு தவணையாக 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பொருளும் 2 கோடியே 7 இலட்சம் அட்டைகளுக்கு என்று அறிவித்து வழங்கப்பட்டன. தெருமுனையில் நியாயவிலைக் கடை என்ற ஒன்று இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா? வடக்கே நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்து சென்ற கூட்டத்தை உலகமே கண்டது. இங்கே அந்தக் காட்சி பெரிதாகத் தோன்றாததற்குக் காரணம், பல்லாண்டுக் காலமாக நாம் கட்டி வைத்திருந்த அந்தச் சின்னக் கடை, எடைத்தராசு, பதிவேடு. அம்மா உணவகமும் அப்படியே. 2013-இல் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறு. பெயர்ப்பலகையில் யார் படம் இருந்தால் என்ன? இட்லி சூடாக இருந்தது. பசித்தவன் படத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் கடைக்கு அட்டை வேண்டுமே! அட்டை இல்லாதவன்? வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன், மூன்றாம் வீடு மாறியும் முகவரி மாற்றாதவன், கணவன் பெயரில் அட்டை இருக்கக் கணவனைப் பிரிந்து வந்தவள், குடும்பத்தார் விரட்டிய திருநங்கை – இவர்களைப் பதிவேடு பார்க்காது. பக்கத்து வீட்டுக்காரிதான் பார்ப்பாள்.

அந்த நாட்களில் ஒரு வழக்கு நடந்தது, நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரல் 12-இல் அன்றைய அரசு ஓர் அறிவிப்புச் செய்தது: கட்சிகளும் அமைப்புகளும் தனியாரும் உணவையும் உதவிப் பொருளையும் நேரே மக்களிடம் கொடுக்கக் கூடாது; அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. பசித்தவனுக்குச் சோறு போடத் தடையா என்று கொதித்தெழுந்தார்கள். உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. தடை தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. வாயையும் சோற்றையும் பிரித்து இடையிலே கோப்பு ஒன்றை வைக்கும் அதிகார வழக்கம் அது. ஆனால் தடைக்கு அவர்கள் சொன்ன காரணம் கூட்டம் என்பது. அந்தக் காரணத்தை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் யார்? லாரியில் மூட்டையை ஏற்றி, நாற்சந்தியில் நிறுத்தி, நானூறு பேரை வரிசையில் நிற்கவைத்து, ஒரு பையை ஆறு கைகள் பிடித்துக்கொண்டு படமெடுத்த பெருமக்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அந்தப் படத்தில் முகம் மறைத்துக்கொண்ட தாயின் சேலைத் தலைப்பைப் பார்த்திருக்கிறாயா நீ?

எந்தத் தெருவிலும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு ஒன்றை நாடகக்காரன் எழுதிக் காட்டுகிறேன்.

“ஆத்தா, அரிசி வந்திருக்கு. வாங்கிக்கங்க.”

“அரிசி மூணு பேரு குடுத்துட்டுப் போயிட்டாகய்யா. அத வேகவைக்க கேசு தீந்துபோச்சு. பிரசர் மாத்திரை தீந்து எட்டு நாளாச்சு. தல சுத்துது.”

“மாத்திரை எங்ககிட்ட இல்லையே ஆத்தா...”

“அப்ப அந்த அரிசிய மேல வீட்டுப் புள்ளைக்குக் குடு. வாயத் தொறந்து கேக்க மாட்டா அவ.”

பார்த்தாயா? மூன்று மூட்டை அரிசி வந்த வீட்டுக்கு ஒரு மாத்திரை வரவில்லை. மாடி வீட்டுக்கு ஒரு படி அரிசியும் வரவில்லை. அன்பு குறையவில்லை, அரிசி குறையவில்லை. குறைந்தது ஒரு பட்டியல்! இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பட்டது. அந்தக் கிழவிக்குத் தலை சுற்றியதோ அதற்கு ஓராண்டு முன்னதாக.

பட்டியலை வைத்திருந்தவர் எப்படி வென்றார்கள் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே ஊராட்சிகளும் நகராட்சிகளும் சமூக அடுக்களைகளைத் திறந்தன. விரைவிலேயே எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. சமைத்தவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்ரீப் பெண்கள். மந்திரத்தால் முளைத்தவையா அந்த அடுக்களைகள்? குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பெண்கள் வாரந்தோறும் கூடி, கணக்கெழுதி, கடன் கொடுத்து வாங்கி, ஒருவர் வீட்டு நிலையை ஒருவர் அறிந்து வைத்திருந்தார்கள். நோய் வந்த அன்று அவர்கள் செய்ய வேண்டியிருந்தது பானையைப் பெரிதாக்குவது ஒன்றே. கடல் கடந்து சிலி நாட்டிலும் 2020-இல் தலைநகர் சாந்தியாகோவின் ஏழைப் பகுதிகளில் பெண்கள் பொதுப்பானை ஏற்றினார்கள். பினோசே என்னும் கொடுங்கோலன் காலத்தில் பசியை வெல்ல அவர்களின் தாய்மார் கண்ட வழி. பேத்திகள் வரை மறக்கவில்லை.

நம்முடைய மண்ணுக்கும் பானை நினைவுண்டு. ஆனால் அது கசப்பானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளைத் துரை வந்து, உடலுழைப்புச் செய்யும் ஆளுக்கு நாளைக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அளந்தார். பட்டினியை எடைபோட்டுப் பார்த்த பாவி! கஞ்சித்தொட்டி என்ற சொல் இன்றும் தமிழில் இகழ்ச்சியாக ஒலிப்பதற்கு அந்தக் கணக்கே காரணம் என்று எண்ணுகிறேன். கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்று இருக்கும்வரை, பானையில் பால்சோறே பொங்கினாலும் அது கஞ்சித்தொட்டிதான்.

மதுரைச் சீமையில் ஊர்ப் பொதுவீடு இல்லாமலா இருந்தது? மேலூர்ப் பக்கம் போ, சோழவந்தான் பக்கம் போ; மந்தையும் உண்டு, மந்தையிலே சாவடியும் உண்டு. கல்தூண் நிறுத்திக் காரை பூசி, காற்றோட்டமாக எவ்வளவு அழகாகக் கட்டியிருப்பார்கள்! ஊர்ச்செய்தி அங்கே, வழக்கு அங்கே, வந்தவனுக்குப் படுக்கை அங்கே. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததா? சாவடிப் படியருகே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவனின் பேரன் இதைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரியும். பொதுவீடு என்று பெயர் இருந்தால் போதாது. யாருக்குப் பொது என்று கேட்க வேண்டும்.

அந்தச் சாவடிக்கு எதிரே எழுந்ததே படிப்பகம்! கீற்றுக்கொட்டகை, ஒரு பலகை, நாலு நாளேடு. எழுதப் படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படிக்க, தெரியாதவன் கேட்க, சுமை தூக்குபவனும் முடிதிருத்துபவனும் ஒரே பலகையில் தோள் உரச உட்கார்ந்த இடம். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். மீதியைப் படித்து முடித்த இடம் அத்தகைய கொட்டகை. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்: இன்று உன் தெருப் படிப்பகத்திற்குள் என்ன இருக்கிறது? ஒரு கால் உடைந்த கேரம் பலகை, சென்ற தேர்தலின் சுவரொட்டிக் கட்டு, பசை காய்ந்த வாளி, தலைவரின் பிறந்தநாளன்று மட்டும் துடைக்கப்படும் படம். மாநகராட்சியின் சமுதாயக் கூடத்தின் நிலையும் அதுவே. காதணி விழாவுக்குத் திறக்கும், வளைகாப்புக்குத் திறக்கும், மற்ற நாள் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால், அவர் வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள்.

பூட்டிக் கிடக்காத பொதுவீடுகளும் உண்டு. அவற்றைக் கண்டு நாம் பாடம் கேட்க வேண்டும். அங்கன்வாடியைப் பார். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்டவை. நோயின்போது பிள்ளைகள் வரவில்லை. ஆகவே பணியாளர் பிள்ளைகளிடம் போனார்கள். சத்துமாவு வீடு வீடாகச் சென்றது. எந்த வீட்டில் கருவுற்ற பெண், எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்பது அவர்களுக்கு ஏட்டைப் பாராமலே தெரியும். சம்பளத்தைக் கேட்டால் நீ நாணித் தலை குனிவாய். உழைப்பைக் கேட்டால் வியந்து நிமிர்வாய்.

பள்ளியைப் பார். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய கதவு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்! ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவன் பள்ளிப்படி மிதிக்காமலே இரண்டாம் வகுப்பு மாணவன் ஆனான். கைப்பேசியிலே பாடம் என்றார்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பன் வேலைக்குப் போனால் அவன் சட்டைப் பையில். அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். எங்கே நடத்தினார்கள்? வீட்டுத் திண்ணையில், மொட்டைமாடியில், கோயில் மண்டபத்தில், மரத்தடியில், எங்கெங்கோ சில சமுதாயக் கூடங்களில். அந்தி ஐந்து மணிக்கு மேல் மொட்டைமாடியில் இருபது பிள்ளைகள். எதிரே பூட்டிய படிப்பகம்! ‘படிப்பகம்’ என்று எழுதிய பலகையின் கீழே பிள்ளைகள் படிக்க இடமில்லை என்றால், அந்தப் பலகையை யார் நம்புவான்?

பசியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் மதுரையில்தான்; கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியார் ஏற்றிய அடுப்பு, காமராசர் காலத்தில் 1956-இல் ஊரெல்லாம் பரவி, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்து, காலைக்கும் வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கட்சி மாறியது, அடுப்பு அணையவில்லை. ஆனால் பள்ளி மூடிய மாதங்களில் அந்த அடுப்பு வீட்டுக்கு நடந்து வர முடியவில்லை. உலர்பொருளாகக் கொடுத்ததை வைத்துச் சமாளித்தார்கள். தெருவிலே ஒரு பொது அடுப்பு ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

சோற்றை விடப் பெரிய உதவி ஒன்று உண்டு. படமெடுக்க முடியாத உதவி. விண்ணப்பம் எழுதுவது! கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நோய் உறுதியான 30 நாளுக்குள் இறந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்தாலும் கணக்கில் சேரும். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தை பெயரில் 5 இலட்ச ரூபாய் வைப்பு என்றும், ஒருவரை இழந்தால் 3 இலட்சம் என்றும் தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. நல்ல ஆணைகள். ஆனால் இறப்புச் சான்று வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், சோதனை முடிவுத் தாள் வேண்டும். கணவனை எரித்துவிட்டு வந்த இருபத்தாறு வயதுப் பெண், அந்தத் தாளைத் தேடி எந்த அலுவலகத்துக்குப் போவாள்? சான்றிலே ‘மாரடைப்பு’ என்று இருந்தால் திருத்தக் குழு உண்டு என்று அவளுக்கு யார் சொல்வார்? அவளருகே உட்கார்ந்து, பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு மனுவை எழுதித் தருபவன், பத்து மூட்டை அரிசி கொடுத்தவனை விட உயர்ந்தவன். இது என் தீர்ப்பு, மறுப்பவர் மறுக்கட்டும்.

மருத்துவமனை வேண்டாமா என்பாய். வேண்டும்! தோப்பூரில் எய்ம்சுக்கு 2019 சனவரி 27-இல் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஈராண்டும் நோய் வந்து உயிர்களை வாரிச் சென்றபோது அங்கே படுக்கை இல்லை, பார்க்க மருத்துவர் இல்லை. அதைக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் மருத்துவமனை வாசலுக்குச் செல்லும்முன் ஒரு நோயாளி தன் தெருவில் ஐந்து நாள் கிடக்கிறான். விரலில் மாட்டும் சிறு கருவியால் உயிர்வளி அளவைப் பார்த்து, குறைகிறது, உடனே கிளம்பு என்று சொல்ல ஒருவர் இருந்தால் அவன் பிழைக்கிறான். அந்தக் கருவியின் இடம் படிப்பகத்து அலமாரி.

கட்சிக்காரனைப் பார்த்து இப்போது ஒரு கேள்வி. எந்தக் கட்சிக்காரனாயினும் சரி. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக் குழு அமைக்கிறாய். பாகம் பாகமாகப் பட்டியல் வைத்திருக்கிறாய். எவர் இறந்தார், எவர் குடிபெயர்ந்தார், எந்த வீட்டில் எத்தனை வாக்கு, எது நமக்கு, எது அவனுக்கு என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறாய். அத்தனை தெரிந்தவனுக்கு எந்த வீட்டில் எத்தனை மாத்திரை என்று ஏன் தெரியாது? வாக்காளர் பட்டியலில் குழந்தை இல்லை. பீகாரிலிருந்து வந்த கூலியாள் இல்லை. சென்ற மாதம் குடிவந்தவள் இல்லை. வாக்கில்லாதவனுக்கு வயிறும் இல்லையா?

மதுரை மாநகராட்சியில் நூறு வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு பொதுவீடு திறந்திருந்தால் நூறு விளக்குகள். புதிதாகக் கட்டடம் கேட்கவில்லை நான். நம் படிப்பகம் இருக்கிறது. பூட்டிய சமுதாயக் கூடம் இருக்கிறது. அதை மாலை நேரத்தில் திறந்துவைக்க மாமன்றத்தில் தீர்மானம் கேள். சுற்றூர்களில் சாவடி இருக்கிறது. அங்கே எல்லாரும் உட்காரும் நாளை வரவழை. கேரம் பலகை இருக்கட்டும், இளைஞன் வரவேண்டுமே! அதன் பக்கத்தில் ஒரு மேசை போடு. அந்தி ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகள். ஏழுக்கு மேல் விண்ணப்பம் எழுத வருவோர். அலமாரியில் காய்ச்சல் பார்க்கும் கருவி, உயிர்வளிக் கருவி, கைகழுவச் சவர்க்காரம். பின்கட்டில் ஒரு பெரிய அடுப்பு, இரண்டு அண்டா. சித்திரையில் நீர்மோர்ப் பந்தலுக்கு எடுக்கும் அதே அண்டா போதும்.

ஒரு குறிப்பேடு வாங்கு, நீளமானதாக. வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதாதே. வாசல் வாசலாக நடந்து எழுது. நம்மவனா என்று ஒரு கட்டமும் அதில் வேண்டாம். அட்டை இல்லாத வீடுகளை முதல் பக்கத்தில் எழுது. தனித்து வாழும் முதியவரை இரண்டாம் பக்கத்தில். கேட்க நாணுவோரைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டாதே.

சாவி இரண்டு செய். ஒன்று கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். அவர் ஊர்வலத்துக்கும் மாநாட்டுக்கும் போகிறவர். மற்றொன்றைத் தெருவிலேயே எப்போதும் இருக்கும் பெண்ணிடம், மகளிர் குழுவின் கணக்கெழுதும் அந்தத் தோழியிடம், இந்த வாரமே கொடுத்துவிடு.